வசனம் எடுத்துக் கொடுத்தவள்

எதிரே யாராவது பேசிக்கொண்டிருந்தால் அத்தையின் உதடுகள் சும்மா இருக்காது. சத்தம் வராது. ஆனால் பேசுபவரின் சொல்லுக்கு அரைச் சொல் முன்னால் அவை அசைந்துகொண்டே போகும். அந்த ஆள் மூச்சு வாங்க நின்றால் போதும், அடுத்த சொல் அத்தையிடமிருந்து வந்துவிடும். பால் போடுகிறவர் "இந்த மாசத்துலேருந்து..." என்று இழுத்தால் "வேற ஆள் வருவாரு, அதான?" என்பாள். மருத்துவர் "உங்க ரத்தத்துல கொஞ்சம்..." என்று காகிதத்தைப் புரட்டினால் "சர்க்கரை" என்பாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தவறாக இருந்தாலும், அவள் சொன்ன வேகத்தைப் பார்த்து எதிராளி அதையே ஒப்புக்கொண்டு போனதும் உண்டு.

என் அப்பா அவளுக்கு அண்ணன், வேன் ஓட்டுபவர். "உன்கூட பேசறதுக்கு இன்னொரு ஆள் எதுக்கும்மா? ரெண்டு பக்கமும் நீயே பேசிடற" என்பார். அத்தை சிரிப்பாள். சிரித்துக்கொண்டே அவருடைய அடுத்த வாக்கியத்தை முடித்துவைப்பாள்.

ஒரே கட்டடத்தில் நாங்கள் மேல் மாடி, அத்தையும் அவள் மகளும் கீழ் வீடு. மாமா, அந்தப் பெண் நடை பழகும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தைக்குப் பகலில் பள்ளிக்கூடத்தில் வேலை. எங்கள் ஊர்ப் பிரார்த்தனைக் கூடத்தை நடத்தும் நிர்வாகக் குழுவே நடத்தும் பள்ளி அது. வகுப்பறைகளைத் திறப்பது, மணி அடிப்பது, சுற்றறிக்கையை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவது, பூட்டுவது. மாலையில் அவள் ஒரு நாடகக் குழுவின் பிராம்ட்டர். பக்கத் திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை. சம்பளம் கிடையாது. தேநீர் உண்டு.

உதடசையும் பழக்கம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து வந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்பா அப்படி இல்லை என்கிறார். சின்ன வயதிலேயே, அவர்களுடைய அப்பா குடித்துவிட்டு வந்து நிற்கும்போது, அவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று இவள் முன்கூட்டியே முணுமுணுப்பாளாம். முன்பே தெரிந்தால் அடி கொஞ்சம் குறைவாக வலிக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. கல்லூரியில் உளவியலில் ஒரு தாள் படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் என்பதால், படித்ததையெல்லாம் வீட்டு ஆட்கள் மேலேயே போட்டுப் பார்ப்பேன். அத்தை மேலும் போட்டுப் பார்த்தேன். பொருந்துவது போல இருக்கும். பிறகு அவள் வேறு ஏதாவது செய்வாள், பொருந்தாது.

நாடகங்களை எழுதி நடத்தியவர் ஒரு எலெக்ட்ரீஷியன். பேச ஆரம்பித்தால் சூடாகி, பாதியில் அறுந்துவிடுவார் என்பதால் எல்லோருக்கும் அவர் ஃப்யூஸ். எனக்கு ஃப்யூஸ் மாமா. அவருடைய நாடகம் எதுவானாலும் மேடையில் ஒரு சாப்பாட்டு மேசையும் நான்கு நாற்காலியும் ஒரு சண்டையும் இருக்கும். பணிமாறுதல் வந்ததைப் பெண்டாட்டியிடம் சொல்லாத கணவன், மகன் முகத்தில் மீசை அரும்பியதும் அவனை அந்நியனைப் போலப் பார்க்கும் அம்மா, ஓட்டுக் கேட்டு வந்தவரை வீட்டுக்குள் உட்காரவைத்துவிட்டு எழுப்பத் தெரியாமல் தவிக்கும் குடும்பம். "உலகமே ஒரு மேசைக்குள்ள அடங்கிடும்" என்பார். "மேசை வாடகை கம்மிங்கறதால அப்படி சொல்றான்" என்பார் அப்பா வேடம் போடும் ரொட்டிக்கடைக்காரர்.

ரொட்டிக்கடைக்காரருக்கு வசனம் மறந்தால் காது மடலைத் தொடுவார். அத்தைக்கு அது போதும். இன்னொருவர் தண்ணீர்க் குவளையை நகர்த்துவார். ஒவ்வொருவருக்கும் ஒரு ஜாடை. ஜாடை இல்லாமல் ஒருவர் சும்மா நின்றுவிட்டால் அதுதான் அவளுக்குப் பயம். மறந்துவிட்டாரா, நடிக்கிறாரா? "எதுக்கு வம்புன்னு நான் எடுத்துக் குடுத்துருவேன்" என்பாள். "அவர் நடிச்சா நடிச்சிட்டுப் போறாரு. சபையில வாய் அடைச்சு நின்னா யாருக்கு மானம் போகும்?"

அவளுக்கு மௌனம் என்றாலே ஆபத்துதான்.

வீட்டிலும் அப்படியே. அவள் மகளிடம் யாராவது "என்னம்மா படிக்கற?" என்று கேட்டால், "பத்தாவது. எல்லாம் வருது, கணக்குதான் இழுக்குது" என்று அத்தை சொல்லிவிடுவாள். "சாப்பிட்டியா?" என்றால் "இப்பதான் சாப்பிட்டா." பெண் வாயைத் திறக்க இடமே கிடைக்காது. அதனால் அவள் பேசாதவள் என்று பெயர் வாங்கிவிட்டாள். ஊமைக்கோட்டான் என்று என் அம்மா ஒருநாள் சொன்னது அப்படியே கோட்டான் என்று நின்றுவிட்டது. உண்மையில் கோட்டான் நிறையப் பேசுவாள். மாடிப்படியில் என்னோடு உட்கார்ந்தால் நிறுத்தமாட்டாள். என்னைவிட இரண்டு வயது சிறியவள், என்னைவிடப் பயமில்லாதவள்.

எல்லாம் ஆரம்பித்தது அத்தை வீட்டுச் சுவிட்சில். அது வேலை செய்யவில்லை என்று ஃப்யூஸ் மாமா ஸ்டூல் மேல் ஏறி நின்று கழற்றிக்கொண்டிருந்தார். அத்தை எனக்கும் கோட்டானுக்கும் தட்டு வைத்தாள். சாப்பிடும் முன் கண்ணை மூடி வேண்டிக்கொள்வது அந்த வீட்டு வழக்கம். மூவரும் கண்ணை மூடினோம். திறந்ததும் அத்தை மகளைப் பார்த்துக் கேட்டாள்:

"என்ன வேண்டிக்கிட்ட?"

"ஒண்ணும் வேண்டிக்கல."

"அப்புறம் எதுக்குக் கண்ண மூடின?"

"நான் வேண்டிக்கல. நீ பாக்கறன்னு கண்ண மூடிக்கறேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். அத்தையின் கை அகப்பையோடு நின்றது. பிறகு ஸ்டூல் மேல் நின்றவரைப் பார்த்து அவசரமாகச் சிரித்தாள். "சும்மா விளையாட்டுக்கு சொல்றா."

ஃப்யூஸ் மாமா திருப்புளியை வாயிலிருந்து எடுத்தார். "இந்த வரிய எனக்குக் குடுத்துடு பாப்பா."

"எடுத்துக்கோங்க. இங்க யாரும் வாங்கிக்க மாட்டேங்கறாங்க."

அப்படித்தான் அந்த வரி நாடகத்துக்குள் போனது. அப்பா தேர்தலில் நிற்கிறார். தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சாப்பாட்டு நேரத்தில் வாசல் கதவைத் திறந்துவைத்துக் குடும்பத்தோடு கண்மூடி வேண்டுகிறார். ஒரு நாள் கண்ணைத் திறந்ததும், என்ன வேண்டினாய் என்று மகளைக் கேட்கிறார். "நான் வேண்டிக்கல. நீங்க பாக்கறீங்கன்னு கண்ண மூடிக்கறேன்" என்கிறாள் மகள். நாடகம் அந்த இடத்தில் திரும்புகிறது. அதன்பின் அப்பாவால் கதவைத் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது.

மகள் வேடத்துக்கு இருந்த பெண் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். ஃப்யூஸ் மாமா கோட்டானைக் கேட்டார். "அவ பேசவே மாட்டா" என்றாள் அத்தை. "பேசுவேன்" என்றாள் கோட்டான். அம்மா தனக்காகச் சொன்ன பதிலை மறுத்து அவள் சொன்ன முதல் சொல் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒத்திகையில் அவள் நன்றாகச் செய்தாள். அத்தைக்குப் பெருமை ஒரு கண்ணில், பயம் ஒரு கண்ணில். மகள் ஒவ்வொரு வரி சொல்லும்போதும் திரைக்குப் பின்னால் அத்தையின் வாய் முன்னால் ஓடும். அந்த வரி வரும்போது மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டதைக்கூட நான் பார்த்திருக்கிறேன்.

நாடகம் நடத்தும் மண்டபமும் பிரார்த்தனைக் கூடத்தினுடையதுதான். நிர்வாகக் குழுவின் செயலாளர் மருந்துக்கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர் என்றே சொல்ல வேண்டும். யார் வீட்டில் யாருக்கு என்ன மாத்திரை என்று அவருக்குத் தெரியும், ஒருவரிடமும் சொன்னதில்லை. நாடகத்தின் பிரதியை முழுதும் படித்தார். நாள் நெருங்கிவந்த சமயத்தில் ஃப்யூஸ் மாமாவையும் அத்தையையும் கடைக்கு வரச்சொன்னார். அங்கே நடந்ததை ஃப்யூஸ் மாமா அன்று மாலையே ஒத்திகையில் நடித்துக் காட்டினார். செயலாளர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொள்வது உட்பட.

"மத்ததெல்லாம் நல்லாருக்கு தம்பி. அந்த ஒரு வரி வேணாம். நம்ம மண்டபத்துல நின்னு ஒரு பதினஞ்சு வயசுப் பொண்ணு சொல்லக்கூடாது."

"அந்த வரி இல்லன்னா நாடகமே இல்லீங்க ஐயா."

"அப்ப மண்டபமும் இல்ல."

அவர் அத்தையிடம் தனியாகச் சொன்னதை ஃப்யூஸ் மாமா நடித்துக் காட்டவில்லை. அதை அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, என் அப்பாவிடம் சொன்னாள். "நீங்க நம்ம ஆளு. உங்க பொண்ணு நம்ம பள்ளிக்கூடத்துல ஃபீஸ் கட்டாம படிக்குது. அந்த வரி மேடையில வந்துச்சுன்னா குழு என்ன முடிவெடுக்கும்னு எனக்கே தெரியாது. உங்களுக்காக என்னால பேசவும் முடியாது" என்றாராம்.

"அதான் வரிய எடுத்தாச்சே" என்றார் அப்பா.

"வரிய எடுத்தாச்சு அண்ணா. அவ வாய எப்படி எடுக்கறது?"

ஃப்யூஸ் மாமா வரியை எடுத்தார்தான், தன் வழியில் எடுத்தார். "ஐயா வரியத்தான எடுக்கச் சொன்னாரு, எடத்த எடுக்கச் சொல்லலியே" என்றார். அப்பா கேட்பார்: என்ன வேண்டினாய்? மகள் பதில் சொல்லாமல் நிற்பாள். வெகுநேரம் நிற்பாள். பிறகு அப்பா தானாக எழுந்து போய்க் கதவைச் சாத்துவார். பிரதியில் அத்தை தன் கையாலேயே அந்த வரியைக் கோடு போட்டு அடித்தாள். ஆனால் அத்தை எந்தக் காலத்தில் பிரதியைப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்? பிரதி மடியில் இருக்கும். வசனம் நாக்கில் இருக்கும்.

அதன்பிறகு கீழ் வீட்டில் வேறு பேச்சே இல்லை. அத்தை மகளுக்குத் தலை வாரும்போது நான் பக்கத்தில் இருந்தேன்.

"சொல்லமாட்டேன்னு சொல்லு."

"சொல்லமாட்டேன்."

"என்ன சொல்லமாட்ட?"

"அதையே சொல்ல சொல்றியேம்மா!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை சீப்பால் என் முழங்கையில் ஒன்று போட்டாள். "உனக்கென்ன, காலேஜ் போயிட்ட. நாளைக்கு அவள வெளிய அனுப்பினா நான் எந்தப் பள்ளிக்கூடத்து வாசல்ல போய் நிப்பேன்? என் வேலையும் போச்சுன்னா இந்த வீட்டு வாடகைய உங்கப்பா தலையிலயா கட்டுவேன்?"

"அத்தை, அவதான் சொல்லமாட்டேங்கறாளே."

"இவ அமைதியா சரின்னு சொன்னாதான் எனக்கு பயமே."

அது நியாயமான பயம்தான். கோட்டானின் "சரி"க்குள் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. மாடிப்படியில் தனியாகக் கேட்டேன், சொல்லத்தான் போகிறாயா என்று. "ஆசையாத்தான் இருக்கு" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மா பாத்துக்கிட்டிருப்பாளே" என்றாள். அது சொல்வேன் என்றும் அர்த்தமாகலாம், சொல்லமாட்டேன் என்றும் ஆகலாம்.

நாடகத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் செயலாளர், குழுவினர், பள்ளி ஆசிரியர்கள். நான் நடுவில் எங்கோ. மேடையின் இடது பக்கத் திரைக்குப் பின்னால் அத்தையின் ஸ்டூல். மகள் நிற்கும் இடத்திலிருந்து கை நீட்டினால் தொடும் தூரம். கோட்டானின் குரல் சின்னது, பின்வரிசைக்குக் கேட்காது என்று ஃப்யூஸ் மாமா அவள் தலைக்கு மேல் ஒரு மைக்கைத் தொங்கவிட்டிருந்தார். ஊசி விழுந்தாலும் பிடிக்கும் என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

அந்த இடம் வந்தது. ரொட்டிக்கடைக்காரர் கண்ணைத் திறந்தார். "என்னம்மா வேண்டிக்கிட்ட?"

கோட்டான் எழுந்து நின்றாள். தலை குனிந்திருந்தது. மண்டபத்தில் யாரோ இருமியது நின்றது. நான் அவள் முகத்தைப் பார்க்க முயன்றேன். விளக்கு முதுகுப் பக்கமிருந்து விழுந்ததால் முகம் இருட்டாக இருந்தது. சொல்லாதே, சொல்லாதே என்று எனக்குள் ஓடியது. அவள் நின்றாள். ஒத்திகையில் நின்றதைவிட நீண்ட நேரம் நிற்பது போல எனக்குத் தோன்றியது.

ஒலிபெருக்கியிலிருந்து ஒரு கிசுகிசுப்பு வந்தது.

"நான் வேண்டிக்கல..."

யாரும் மூச்சுவிடவில்லை. கோட்டான் அசையவில்லை. ரொட்டிக்கடைக்காரரின் கை காது மடலுக்குப் போய், பாதியில் நின்றது. ஒரு சின்ன இடைவெளி. பிறகு அதே கிசுகிசுப்பு, இன்னும் கொஞ்சம் தெளிவாக:

"நீங்க பாக்கறீங்கன்னு கண்ண மூடிக்கறேன்."

கிசுகிசுப்புக்கு ஆள் அடையாளம் கிடையாது. மேடையில் தலை குனிந்து நின்ற பெண்தான் அதைச் சொன்னாள் என்று மண்டபமே நினைத்தது. நானும் நினைத்தேன். பின்னால் யாரோ இரண்டு பேர் கைதட்டி, கூட யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டார்கள். ரொட்டிக்கடைக்காரர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். கதவைப் பிடித்த அவர் கை நடுங்கியதை நடிப்பு என்று எனக்குப் பக்கத்தில் ஒருவர் பாராட்டினார். செயலாளர் எழுந்திருக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கடைசிவரை துடைத்துக்கொண்டே இருந்தார்.

திரை விழுந்ததும் உள்ளே ஓடினேன். எல்லோரும் அங்கங்கே நின்றிருந்தார்கள், ஆணியடித்தது போல. ஃப்யூஸ் மாமா மைக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து மகளின் தோளைப் பிடித்தாள்.

"ஏன்டி சொன்ன?"

கோட்டான் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். வேடிக்கையாக ஏதோ கேட்டுவிட்டது போல முதலில் அவள் வாயோரம் லேசாக விரிந்தது. பிறகு விரிந்தது அப்படியே மறைந்தது.

"படிச்சு படிச்சு சொன்னேனே, ஏன்டி சொன்ன?"

ரொட்டிக்கடைக்காரர் "அக்கா..." என்று தொடங்கினார். அவரையும் அத்தை முடிக்கவிடவில்லை. "நீங்க சும்மா இருங்க தம்பி. இவ என் குடியக் கெடுத்துட்டா." அவர் சும்மா இருந்துவிட்டார். ஃப்யூஸ் மாமாவும் சும்மா இருந்தார். மேடையில் பக்கத்தில் நின்ற அவர்கள் எல்லோருக்கும் அது யார் வாயிலிருந்து வந்தது என்று தெரியும். எனக்குத்தான் தெரியாது. ரொட்டிக்கடைக்காரர் அதை என்னிடம் சொன்னது வெகு நாள் கழித்து, ரொட்டி பொட்டலம் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த காலையில் விசாரணை. அத்தை வழக்கம்போல மணி அடித்துவிட்டு அலுவலக அறைக்குள் போய்ச் சுவரோரம் நின்றாளாம். மேசைக்குப் பின்னால் செயலாளரும் குழுவில் இருவரும். நடுவில் கோட்டான். இதைக் கோட்டான்தான் எனக்குச் சொன்னாள். அப்போது அவள் பள்ளி முடித்து வேலைக்குச் சேர்ந்துவிட்டிருந்தாள்.

"ஐயா என்னை வையல. மெதுவாத்தான் கேட்டாரு. 'அந்த வரிய யாரும்மா சொன்னது? நீதானா? வேற யாராச்சுமா?' அப்படின்னு. வேற யாராச்சுமான்னு அவரு கேக்கணும்னு அவசியமே இல்ல. வழி விட்டுதான் கேட்டாரு."

"அத்தை?"

"அம்மா சுவரப் பாத்துட்டு நின்னா. ஊர்ல எவன் தும்மினாலும் மிச்சத் தும்மல இவ தும்முவா. அங்க அவளுக்குத்தான் வசனம். யாரும் எடுத்துக் குடுக்க வேண்டியதில்ல. அவளோட சொந்த வசனம். நான் காத்துக்கிட்டிருந்தேன்."

"நீ என்ன சொன்ன?"

"நான்தான் சொன்னேன்னு சொன்னேன். பொய்யும் இல்லியே. வீட்ல சொன்னது நான்தான? கணக்கும் சரியாத்தான் இருந்துச்சு. நான் போனா ஒரு ஆள் போவேன். அம்மா போனா ரெண்டு பேரும் போவோம். கணக்கு எனக்கு இழுக்குதுன்னு சொன்னது யாரு?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பள்ளியிலிருந்து அவளை நீக்கினார்கள். தேர்வு நெருங்கும் நேரம். ஊரின் மறுகோடியில் அரசுப் பள்ளி ஒன்றில் அப்பா அலைந்து இடம் வாங்கினார். இரண்டு பேருந்து மாற வேண்டும். அத்தையின் வேலை தப்பியது. அவள் அடித்த மணியில் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் வகுப்புக்குப் போனார்கள், அவள் பெண் மட்டும் அந்த நேரத்தில் எங்கோ ஒரு பேருந்தில் நின்றுகொண்டிருந்தாள். நாடகக் குழுவுக்கு மண்டபம் இல்லாமல் போய், ஒரு கார் பட்டறையில் கொஞ்ச நாள் ஒத்திகை நடந்தது. அத்தை அங்கே போகவில்லை. ஃப்யூஸ் மாமா கூப்பிட வந்தபோது கதவிடுக்கில் நின்று, "கண்ணு சரியா தெரியல" என்றாள். பிரதியைப் பார்க்காதவளுக்குக் கண் எதற்கு என்று அவரும் கேட்கவில்லை.

மகளுக்கு அவள் செய்யாதது கிடையாது. இருட்டு விலகும் முன் எழுந்து சாப்பாடு கட்டினாள். சீருடையை மடிப்புக் கலையாமல் தேய்த்துவைத்தாள். பேருந்து நிறுத்தம்வரை பையைத் தூக்கிக்கொண்டு போனாள், கோட்டான் வேண்டாம் வேண்டாம் என்றாலும். ஆனால் யாராவது "பாவம், நல்ல பொண்ணு, ஏன் அப்படி பண்ணிட்டா?" என்று கேட்டால், "அவ வாய் சும்மா இருக்குமா?" என்பாள். பதினைந்து வருஷம் அந்தப் பெண்ணைப் பேசவே விடாதவள். முதலில் ஊருக்காகச் சொன்னாள் என்று நினைக்கிறேன். திரும்பத் திரும்பச் சொல்லி, பிறகு தானே நம்பிவிட்டாளா? அல்லது தினமும் காலையில் புதிதாக ஒருமுறை நம்பவேண்டியிருந்ததா? நான் பலமுறை யோசித்திருக்கிறேன். விடை தெரிந்தது போல எழுதினால் அது அத்தையாக இருக்காது.

எனக்கு அந்த இடைவெளிதான் விளங்கவில்லை. "நான் வேண்டிக்கல" என்பதுவரை பழக்கம். மௌனத்தைக் கண்டால் எடுத்துக் கொடுத்துவிடும் நாக்கு. நாள் முழுக்க அந்த வரியை எண்ணி எண்ணிப் பயந்தவளுக்கு அதுதான் நாக்கு நுனியில் நின்றிருக்கும். அதுவரை சரி. ஆனால் ஒலிபெருக்கியில் தன் சத்தத்தையே கேட்ட பிறகு, மண்டபம் மூச்சடைத்துப் போன பிறகு, மிச்சப் பாதியை ஏன் சொன்னாள்? பாதியில் விட்டால் இன்னும் கேவலம் என்ற பிராம்ட்டர் புத்தியா? மகள் மறந்துவிட்டாள் என்று அப்போதும் நினைத்தாளா? அல்லது அவளும் ஆயுள் முழுவதும் யாரோ பார்க்கிறார்கள் என்றுதான் கண்ணை மூடிக்கொண்டிருந்தாளா?

ஒருமுறை கேட்டும் பார்த்தேன். ரொட்டிக்கடைக்காரர் என்னிடம் சொன்னதற்குப் பிறகு. அத்தை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அன்னைக்கு நாடகத்துல, அந்த ரெண்டாவது பாதி..."

"ரெண்டாவது பாதியில லைட்டே சரியில்ல" என்றாள் உடனே. "உங்க ஃப்யூஸ் மாமாவுக்கு வாய் இருக்கற அளவுக்கு வேலை தெரியாது. அந்தக் கிளிப்ப எடு."

எடுத்துக் கொடுத்தேன். வாங்கிய அவள் விரல்கள் ஈரமாக இருந்தன. நாங்கள் இருவரும் போர்வையின் இரு முனைகளைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தோம்.

கோட்டான் ஒருபோதும் அம்மாவிடம் கேட்கவில்லை. "கேட்டு வாங்கினா அது நான் எடுத்துக் குடுத்ததா ஆயிடும்" என்றாள் என்னிடம். "ஐயாகிட்ட போய் சொல்ல வேணாம். ஊருக்கு சொல்ல வேணாம். வீட்டுக்குள்ள, கதவ சாத்திட்டு, எனக்கு மட்டும் ஒரு தடவ. 'நான்தான் சொன்னேன்.' அவ்ளோதான். அதுக்கு எந்த வேலையும் போகாது." அம்மா தன்னருகே வந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமும் ஒவ்வொரு முறையும், இதோ வரப்போகிறது என்று அவள் காத்திருப்பாளாம். "மழை வர்ற மாதிரி இருக்கு" என்பாள் அம்மா. "அந்த நீலச் சட்டை சின்னதாயிடுச்சு" என்பாள்.

இப்படியே வருஷங்கள் போயின. அத்தை பணி ஓய்வு பெற்றாள். பள்ளியில் அவளுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். கோட்டான் கண் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். பேசும் வேலை, கெட்டிக்காரி என்று பெயர். போன குளிர்காலத்தில் அத்தைக்கு நெஞ்சில் நீர் கோத்தது. மருத்துவமனையில் படுக்கையருகே கோட்டான் நாள் முழுக்க நாற்காலியில் இருந்தாள். அத்தை தெளிவாகத்தான் இருந்தாள், பேசினாள். எரிவாயு உருளையை மூடினாயா என்று கேட்டாள். என் கல்யாணம் பற்றி அப்பாவிடம் சொல்லி அனுப்பினாள். ஒரு பிற்பகல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்கிட்ட ஒண்ணு..." என்றாளாம். கோட்டான் வாயைத் திறக்கவில்லை. எடுத்துக் கொடுக்கவில்லை. நர்ஸ் ஊசியோடு வந்தாள். அதற்குப் பிறகு அத்தை தூங்கினாள். மறுநாள் இல்லை.

துக்கம் விசாரிக்கச் செயலாளரும் வந்தார். இப்போது தடி ஊன்றுகிறார். கோட்டானின் தலையில் கை வைத்து, "உங்கம்மா அந்த விஷயத்துல ரொம்ப வேதனப்பட்டாங்க. நீ சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணின. நாங்க உன்ன எப்பவோ மன்னிச்சுட்டோம்மா" என்றார். உண்மையான அன்போடுதான் சொன்னார். அறையின் மூலையில் ஃப்யூஸ் மாமாவும் ரொட்டிக்கடைக்காரரும் தரையைப் பார்த்தார்கள். எனக்கு நாக்கு துடித்தது. கோட்டான் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"சரிங்க ஐயா" என்றாள் அவரிடம்.

அவர் போன பிறகு, இதையெல்லாம் எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். அம்மாவின் துவைத்த புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எழுதேன். பேர் போடாத."

"போடமாட்டேன்."

"இன்னொண்ணு. உன்ன மாதிரி எழுதற ஆளுங்க கடைசியில எல்லாத்தையும் சரிபண்ணி வைப்பீங்க. ஆஸ்பத்திரியில அவ என் காதுல சொன்னா, அப்படி இப்படின்னு எதையாச்சும் போட்டுடாத. அவ சொல்லல. அது எனக்கு வரவேண்டிய பாக்கி. நீ குடுத்து அடைக்க முடியாது."

சரி என்றேன். அவள் அடுத்த புடவையை எடுத்து உதறினாள், ஒரு முனையை என்னிடம் நீட்டினாள்.